முப்புரி

போன ஐப்பசி மழையில் கொல்லைப்புறத்துப் பாசியில் வழுக்கி விழுந்து அம்மா இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு வீடு திரும்பிய அன்று சாயங்காலமே தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பிரண்டைத் துவையல், முட்டை, பால், முருங்கைக்கீரை என்று பட்டியல் நீண்டது. பக்கத்து பாய் வீட்டம்மா சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. எட்டு ஆட்டுக்கால் போட்டுக் காய்ச்சிய பாயாவை ஒரு தூக்கு நிறையக் கொடுத்தனுப்பினார். குடித்தது போக மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தோம்.

மறுநாள் காலையில் தூக்கைத் திறந்தால் உள்ளே சூப் இல்லை. மேலே வெள்ளைக் கொழுப்பு ஏடு. அதை விலக்கினால், மங்கலான மஞ்சள் நிறத்தில் அல்வா மாதிரி ஒன்று. தூக்கை ஆட்டினால் முழுசாகக் குலுங்கியது, நட்ட ஸ்பூன் சாயாமல் நின்றது. ஒரு துண்டை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஓரங்கள் தளர்ந்து, இளகி, விரலிடுக்கில் வழிந்தது.

அப்பா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, வஜ்ஜிரம் காய்ச்சின மாதிரி இருக்குது?"

வாணியம்பாடியில் ஒரு டேனரியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர் அப்பா. வஜ்ஜிரம் என்றால் தச்சர்கள் மரம் ஒட்டப் பயன்படுத்தும் பசை. தோலிலிருந்து சீவி எடுக்கும் சவ்வும் ஓரத் துண்டுகளும் பசை காய்ச்சுகிறவர்களிடம் போகும். அவர் சொன்னது உவமை மாதிரி இருந்தாலும் உண்மையில் உவமையே இல்லை. தூக்கில் இருந்ததும் வஜ்ஜிரமும் ஒரே சரக்குதான். இன்னும் சொன்னால், அவர் முப்பத்தொரு வருஷம் கையாண்ட தோலும், அம்மாவின் மணிக்கட்டில் உடைந்துபோனதில் கணிசமான பங்கும் அதே சரக்கு. கொலாஜன். அந்தப் பெயரே கிரேக்க மொழியில் பசையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, பசையைத் தருவது என்று பொருள்.

நான் பதினோராம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். மூலக்கூறுகள் பாடத்தில் கொலாஜனுக்குக் கிடைப்பது ஒரே வரி: விலங்குகளில் மிக அதிகமாகக் காணப்படும் புரதம். ஒரு மார்க் கேள்விக்கு உதவும். நம் உடம்பின் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இது. அதற்கு ஒரு வரி போதும் என்று யார் முடிவு செய்தார்களோ. பல வருஷம் நானும் அந்த ஒரு வரியைத்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டுக் கடந்திருக்கிறேன். அன்று உள்ளங்கையில் வழிந்ததைத் துடைத்தபோதுதான் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கயிறு திரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தேங்காய் நாரை முதலில் ஒரு பக்கமாக முறுக்கிப் புரி ஆக்குவார்கள். அப்புறம் இரண்டு மூன்று புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். புரி பிரிய நினைத்தால் கயிறு இறுகும், கயிறு பிரிய நினைத்தால் புரி இறுகும். கொலாஜனின் கட்டுமானமும் இதுவேதான். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. இங்கே ஒவ்வொரு சங்கிலியும் ஏறக்குறைய ஆயிரம் அமினோ அமிலம் நீளம், இடப்பக்கச் சுருள். அப்படி மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று வலப்பக்கமாகச் சுற்றிக்கொள்கின்றன. நீளம் 300 நானோமீட்டர், தடிமன் 1.5 நானோமீட்டர். சேமியா நூல் அளவுக்கு அதைத் தடிமனாக்கிப் பார்த்தால், நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறையும்.

இந்தக் கயிற்றின் சூட்சுமம் அதன் நடுவில் இருக்கிறது. மூன்று சங்கிலியும் நெருங்கி முறுக்கிக்கொள்ளும்போது மையத்தில் இடமே இருப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவதாக வரும் அமினோ அமிலம் அந்த மையத்தைப் பார்த்து நின்றாக வேண்டும். அமினோ அமிலங்கள் இருபது வகை. ஒவ்வொன்றுக்கும் பக்கவாட்டில் ஒரு தொங்கல் உண்டு. சிலதற்கு வளையம், சிலதற்கு நீண்ட வால். கிளைசினுக்கு மட்டும் தொங்கல் என்று சொல்ல ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு, இருப்பதிலேயே சின்னது. அந்த இடுக்கில் நுழைய வேறு எதனாலும் முடியாது. அதனால் கிளைசின், ஏதோ ஒன்று, இன்னொன்று, மறுபடி கிளைசின், ஏதோ ஒன்று, இன்னொன்று என்று ஆயிரம் அமினோ அமில நீளத்துக்கும் ஒரு தாளம் பிசகாமல் ஓடுகிறது. பேருந்தில் மூன்று பேர் சீட்டில் நடுவே ஒரு குழந்தையை இடுக்கி உட்கார வைப்பது மாதிரி. அந்த இடத்தில் ஒரு பெரிய ஆள் உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஆயிரத்தில் ஒரே ஒரு கிளைசின் மாறி வேறொன்று வந்துவிட்டால் கயிறு அந்த இடத்தில் புடைத்துக்கொள்ளும், முறுக்கு சரியாக விழாது. தும்மினாலே எலும்பு முறிகிற பிறவி நோய் ஒன்று இருக்கிறது. அந்தக் குழந்தைகளில் பலருக்கும் கோளாறு இப்படி ஒரே ஒரு இடத்தில்தான்.

இந்த முப்புரி வடிவம் சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது என்று சொன்னால் என் மாணவர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். டிஎன்ஏ என்றால் உடனே இரண்டு பெயர் சொல்வார்கள். இதற்கு ஒரு பெயரும் வராது.

ஜி.என். ராமச்சந்திரன் எர்ணாகுளத்துக்காரர், பெங்களூரில் சி.வி. ராமனிடம் படித்தவர். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக வந்தபோது வயது முப்பதுகூட நிறையவில்லை. ஏ. லட்சுமணசுவாமி முதலியார் துணைவேந்தராக இருந்த காலம். அதே வருஷம் இங்கிலாந்திலிருந்து ஜே.டி. பெர்னால் சென்னைக்கு வந்திருக்கிறார். எக்ஸ் கதிர் ஆய்வில் பெரிய ஆள். பேச்சுவாக்கில், கொலாஜனின் வடிவத்தை இதுவரை யாரும் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

கிண்டியில் அவர் துறைக்குக் கூப்பிடு தூரத்தில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றாலே கொலாஜன்தான், கேட்டுப் போக அதைவிட நல்ல இடம் ஏது? ஆனால் எக்ஸ் கதிரில் தெளிவான படம் விழ இழைகள் ஒரே திசையில் படிந்திருக்க வேண்டும். அதற்கு வாகாக அமைந்தது கங்காருவின் வால் தசைநாண். கங்காரு வாலையும், கம்பியும் பந்துமாகக் கட்டிய மாதிரிகளையும் வைத்துக்கொண்டு ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் நேச்சர் இதழில் ஒரு வடிவத்தை வெளியிட்டார்கள். பக்கம் பக்கமாக நிற்கும் மூன்று சுருள்கள். அடுத்த வருஷம் அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும் முறுக்கையும் சேர்த்தார்கள். ஏன் சுற்ற வேண்டும் என்பதற்கு நான் வகுப்பில் நிலாவைச் சொல்வேன். நிலா பூமியைச் சுற்றும்போது ஒரே முகத்தைத்தான் நம் பக்கம் காட்டுகிறது, அதற்காகத் தானும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே போகிறது. கிளைசின் எப்போதும் மையத்தைப் பார்க்க வேண்டும் என்றால் சங்கிலியும் அப்படித் திரும்பிக்கொண்டே போயாக வேண்டும்.

அதோடு முடியவில்லை. 1955-லேயே கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் தங்கள் வடிவத்தை வெளியிட்டார்கள். முப்புரி என்பதில் சண்டை இல்லை. சென்னை வடிவத்தில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கி இருக்கின்றன என்பது அவர்கள் ஆட்சேபம். சங்கிலிகளுக்கிடையே மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்றது சென்னை, ஒன்றுதான் என்றது கேம்பிரிட்ஜ். அந்த ஒன்று-இரண்டு வழக்கில் பிற்பாடு கேம்பிரிட்ஜ் பக்கமே தீர்ப்பானது. நம் ஊர்க் கட்டுரைகளில் இந்த இடத்தை மட்டும் மெல்ல விழுங்கிவிடுவார்கள். எனக்கு இந்த இடம்தான் கதையிலேயே பிடித்த இடம்.

ஏனென்றால் அந்த ஆட்சேபத்தை ராமச்சந்திரன் ஒரு கேள்வியாகத் திருப்பிக்கொண்டார். நெருக்கம் அதிகம் என்கிறீர்களே, இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு அளவு எங்கே? அதுவரை வெளியான படிகங்களின் அளவுகளை எல்லாம் தேடி எடுத்து, எந்த அணு எதை எவ்வளவு தூரம் வரை அண்டவிடும் என்று கணக்குப் பண்ணினார்கள். கணினி இல்லை, மேசைக் கணக்குப்பொறிதான். புரதச் சங்கிலி ஒவ்வொரு கணுவிலும் இரண்டே இரண்டு கோணங்களில்தான் தாராளமாகத் திரும்ப முடியும். அந்த இரண்டு கோணங்களையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அணுக்கள் மோதாத இடங்களை மட்டும் குறித்தபோது ஒரு வரைபடம் கிடைத்தது. பெரும்பாலும் வெறும் காடு, அங்கங்கே சின்னச் சின்னத் தீவுகள். புரதம் வாழக்கூடிய நிலம் அவ்வளவுதான். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963-ல் வெளியிட்ட அந்தப் படம் இன்று ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் முழுக்கப் பெயர் பெற்றிருக்கிறது. இன்றைக்கும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தேன் என்று யார் வந்தாலும், அதை இந்தப் படத்தின் மேல் வைத்துப் பார்க்காமல் விடுவதில்லை. கோணங்கள் காட்டுக்குள் விழுந்திருந்தால் எங்கோ தப்பு. கிளைசின் மட்டும் இங்கேயும் செல்லப்பிள்ளை. தொங்கல் இல்லாததால் மற்றவை போக முடியாத இடத்துக்கெல்லாம் அது போகும்.

சரி, டேனரிக்கு வருகிறேன். அப்பாவிடம் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கேட்டேன்.

தோல் உள்ளே வந்ததும் உப்பைக் கழுவி ஊற வைப்பார்கள். பிறகு சுண்ணாம்பும் சல்பைடும். ஒரே ராத்திரியில் முடி கூழாகிக் கரைந்துவிடும், தோலுக்கு ஒன்றும் ஆகாது. "அதான் சல்பைடு வேலை" என்பார் அப்பா. ஏன் முடியை மட்டும் தின்கிறது? முடி கெரட்டின் என்கிற புரதம். அதன் சங்கிலிகளைக் கந்தகப் பாலங்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. சல்பைடு அந்தப் பாலங்களை வெட்டுகிறது. தோலின் கொலாஜனில் பெரும்பகுதிக்குக் கந்தகப் பாலமே கிடையாது, வெட்ட ஒன்றும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு புரதம், ஒரே குழி, ஒரே மருந்து. ஒன்று கரைகிறது, ஒன்று நிற்கிறது.

அப்புறம் பதம். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். பட்டையிலுள்ள டானின் கொலாஜன் இழைகளுக்கிடையே போய் உட்கார்ந்து கையைக் கோத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் ஆகும் வேலை. குரோமியம் வந்த பிறகு ஒரு நாளில் முடிந்தது. டிரம்மிலிருந்து நீலமாக வெளியே வரும் தோலை வெட் புளூ என்பார்கள். சரக்கு பதமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள அப்பா செய்த பரீட்சை எளிமையானது. ஒரு சின்னத் துண்டை வெட்டி, காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொள்வார். கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு எடுத்து மறுபடி அதே கோட்டின் மேல் வைப்பார். கோட்டோடு நின்றால் பாஸ். சுருங்கிச் சுருண்டிருந்தால் மொத்தச் சரக்கும் திரும்ப டிரம்முக்கு.

"சுருங்கினா எப்பிடி இருக்கும் தெரியுமா, தீயில காட்டின பிளாஸ்டிக் மாதிரி. ஒரு நொடிதான்."

அந்த ஒரு நொடியில் நடப்பது முப்புரி அவிழ்வது. முறுக்கில் நீண்டு நின்ற சங்கிலிகள் பிடி விட்டதும் சுருண்டு விழுகின்றன. பச்சைத் தோல் அறுபது அறுபத்தைந்து டிகிரியில் சுருங்கும். பட்டையில் பதமிட்டது எண்பது வரை தாங்கும். குரோமியம் பாய்ந்தது கொதிநீரிலும் அசையாது. அவிழாத கயிற்றை நுண்ணுயிரும் எளிதில் தின்ன முடியாது, அதனால்தான் செருப்பு அழுகுவதில்லை. அந்தப் பதத்துக்குப் போன உப்பும் குரோமியமும் பாலாற்றுக்கு என்ன செய்தன என்பதை எங்கள் ஊரில் கிணறு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்பா அந்தப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து போய்விடுவார்.

குக்கரில் ஆட்டுக்கால் வேகும்போது நடப்பதும் அதே அவிழல்தான், இன்னும் நீளமாக. குறுத்தெலும்பிலும் தசைநாணிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் அவிழ்ந்து, தனித்தனிச் சங்கிலியாகத் தண்ணீரில் மிதக்கிறது. அதற்குத்தான் ஜெலட்டின் என்று பெயர். ஆறும்போது சங்கிலிகள் பழைய முறுக்குக்குத் திரும்பப் பார்க்கின்றன. ஆனால் பழைய ஜோடி கிடைப்பதில்லை, முனைக்கு முனை பொருந்துவதில்லை. கையில் கிடைத்த ஏதோ ஒரு சங்கிலியோடு ஏதோ ஓர் இடத்தில் கொஞ்ச தூரம் முப்புரியாகச் சேர்ந்துவிட்டு, மீதி நீளத்தைத் தொங்க விடுகின்றன. அப்படி ஆயிரம் முடிச்சு விழுந்த வலைக்குள் தண்ணீர் மாட்டிக்கொண்டதுதான் தூக்கில் குலுங்கியது. அரைகுறை முறுக்கு என்பதால் உடம்புச் சூட்டுக்கே அவிழ்ந்துவிடும். உள்ளங்கையில் வழிந்தது அதனால்தான். நோன்பு நேரத்தில் பாய் வீட்டிலிருந்து வரும் கடற்பாசியை வாயில் போட்டால் இப்படிக் கரையாது, கடித்துத்தான் தின்ன வேண்டும். அது புரதமே இல்லை, சர்க்கரைச் சங்கிலி. ஒருமுறை உறைந்தால் எண்பத்தைந்து டிகிரி வரை இளகாது.

முத்தல் ஆட்டின் கால் வேக அதிக விசில் ஏன் வேண்டும் என்பதும் இங்கேயே இருக்கிறது. வயது ஏற ஏற கொலாஜன் கயிறுகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் கூடிக்கொண்டே போகின்றன. மனிதருக்கும் அப்படித்தான். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

கயிறு உடம்புச் சூட்டில் அவிழாமல் இருக்க இன்னொரு வேலையும் நடக்க வேண்டும். சங்கிலி செல்லுக்குள் இருக்கும்போதே, அதில் நிறைய வரும் புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்த்து ஹைட்ராக்சிபுரோலின் ஆக்க வேண்டும். அதைச் செய்யும் நொதியின் நடுவில் ஓர் இரும்பு அணு. அந்த இரும்பு கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது வைட்டமின் சி. இந்தச் சேர்க்கை நடக்காத கொலாஜன் 24 டிகிரியிலேயே அவிழ்ந்துவிடும். நம் உடம்பு 37.

கடலில் மாதக்கணக்காகக் காய்கறி இல்லாமல் போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது கப்பல் கதைகளில் இருக்கிறது. ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும். 1740-களில் ஜார்ஜ் ஆன்சனின் கப்பல் படையில் ஒரு கிழவர். 1690-ல் அயர்லாந்தில் நடந்த பாயின் போரில் வெட்டுப்பட்டு, ஆறி ஐம்பது வருஷம் ஆகியிருந்த காயம். ஸ்கர்வி என்கிற இந்த நோய் வந்ததும் அந்தக் காயம் மறுபடி திறந்துகொண்டது. முதல்முறை இதைப் படித்தபோது மிகைப்படுத்தல் என்றுதான் நினைத்தேன். ஆனால் தழும்பு என்பது ஒருமுறை ஒட்டிய பசை இல்லை. அங்கே பழைய கொலாஜன் கழிந்துகொண்டும் புதியது சேர்ந்துகொண்டும் இருக்கிறது. வரவு நின்று செலவு மட்டும் நடந்தால் தையல் பிரியும். 1747-ல் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் நோய் கண்ட பன்னிரண்டு மாலுமிகளை இரண்டிரண்டாகப் பிரித்து ஜோடிக்கொரு மருந்து கொடுத்துப் பார்த்ததில், ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் எழுந்து நடமாடினார்கள். ஆட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. வைட்டமின் சி-யைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். நம்மிடம் அதற்கான மரபணு இருக்கிறது, உடைந்துபோய்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி: ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு கூடுமா? சூப்பிலுள்ள கொலாஜன் அப்படியே போய் மணிக்கட்டில் ஒட்டிக்கொள்ளாது. குடல் அதைத் துண்டுதுண்டாக நறுக்கிவிடும். பெரும்பகுதி தனி அமினோ அமிலமாகவும், கொஞ்சம் இரண்டு மூன்று கண்ணி நீளத் துணுக்காகவும் ரத்தத்துக்குப் போகிறது. அந்தத் துணுக்குகள் ஏதாவது நன்மை செய்கின்றனவா என்பதில் ஆராய்ச்சிகள் ஒரு குரலில் பேசவில்லை. டப்பாவில் அடைத்த கொலாஜன் பொடியைத் தங்க விலைக்கு விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். கேட்டால் என் யோசனை, அந்தக் காசுக்குக் கறிக்கடைக்குப் போகலாம்.

வகுப்பில் இப்போது ஒரு வரியோடு விடுவதில்லை. கோழிக்கால் எலும்பு ஒன்றை வினிகரில் ஒரு வாரம் ஊற வைப்போம். சுண்ணாம்புச் சத்து கரைந்துபோய் எலும்பு ரப்பர் மாதிரி வளையும். வளைவது கொலாஜன். இன்னொரு எலும்பை நன்றாகச் சுட்டெடுத்தால் வடிவம் மாறாமல் அப்படியே இருக்கும், கையில் அழுத்தினால் பொடிந்துவிடும். அங்கே கொலாஜன் இல்லை. பிள்ளைகள் வளைந்த எலும்பை ஆளாளுக்கு முடிச்சுப் போட முயன்றார்கள். ஒருத்தி போட்டேவிட்டாள்.

கட்டுப் பிரித்த அன்று பாய் வீட்டிலிருந்து மறுபடி ஒரு தூக்கு வந்தது. அம்மாவின் கை மெலிந்து, தோல் வெளுத்து, பொருக்குப் பொருக்காக இருந்தது. விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சூப்பைச் சூடு பண்ணிக்கொண்டே இதெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். சல்பைடு, குரோமியம், முறுக்கு, கங்காரு வால் எல்லாம்.

"அப்ப முப்பத்தொரு வருஷம் நான் பார்த்தது இந்த ஒண்ணுதானா?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கிண்ணத்தை அம்மா பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "எலுமிச்சம்பழம் இருக்குதா பாரு. புழிஞ்சி குடு, சும்மா குடிச்சா அவளுக்குப் புடிக்காது" என்றார்.